அலெக்சா பெயரில் வரும் கோரிக்கை: கையெழுத்தை எங்கே சரிபார்ப்பது?

தண்டையார்பேட்டையில் கேன் தண்ணீர் போடும் அண்ணன் ஒருவருக்கு ஆர்டர் எடுக்கும் மென்பொருளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். முதலில் வாட்ஸ்அப், பிறகு ஒரு சின்ன வலைத்தளம், அப்புறம் வீட்டில் அமேசானின் எக்கோ ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்காக ஒரு அலெக்சா ஸ்கில், அதாவது அந்த ஸ்பீக்கரில் பேசும் அலெக்சா குரல் உதவியாளருக்கான செயலி. அலெக்சா ஸ்கில்களுக்கு நம் நாட்டில் இந்திய ஆங்கிலமும் இந்தியும்தான் உண்டு, தமிழ் இல்லை. ஆனாலும் "டூ கேன்ஸ்" என்று சொல்ல இங்கே யாரும் தயங்குவதில்லை. சொன்ன மறுவிநாடி கடைத் திரையில் வீட்டு எண்ணோடு ஆர்டர் வந்து நிற்கும்.

சோதனை ஓட்டிய நாட்களில் கையெழுத்துச் சரிபார்ப்பை, அதாவது கோரிக்கை உண்மையிலேயே அலெக்சாவிடமிருந்து வந்ததா என்று அதன் மின்னணுக் கையெழுத்தைப் பார்த்து உறுதிசெய்வதை, அணைத்து வைத்திருந்தேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். போதாததற்கு, மாதிரிக் கோரிக்கை ஒன்றை கோடோடு சேர்த்துப் பொதுவில் ஏற்றியிருந்தேன். அதில் உண்மையான ஒரு வாடிக்கையாளரின் பயனர் எண் இருந்தது. யாரோ அதை எடுத்து, 2 என்ற எண்ணை 40 ஆக மாற்றி, எங்கள் சர்வருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை காலை, டெலிவரி போகும் தம்பி ட்ரைசைக்கிளில் பன்னிரண்டு கேன் ஏற்றிக்கொண்டு முதல் நடை கிளம்பினான். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. ஒரு கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோவுக்கு மேல். நான்கு கேனைத் தோளில் வைத்து ஏற்றிய பிறகுதான் அந்த வீட்டு அம்மா கதவைத் திறந்து, "நாங்க எப்பவும் ரெண்டுதானேப்பா வாங்குவோம்" என்றார். நான்கையும் மறுபடி இறக்கினான். கடைக்குத் திரும்பியபோது அவன் சட்டையின் வலது தோள் மட்டும் நனைந்து ஒட்டியிருந்தது. "இன்னாண்ணா, மெஷின் சொன்னா கரெக்டா இருக்கும்னு தூக்கிட்டேன்" என்றான்.

சர்வர் லாகைத் திறந்து பார்த்தேன். அந்தக் கோரிக்கையின் தலைப்பில் (ஹெடர், கோரிக்கையோடு முன்னால் வரும் குறிப்புகள்) கையெழுத்தே இல்லை. பார்க்கச் சொல்லியிருந்தால் என் மென்பொருள் ஒரு நொடியில் அதைத் திருப்பி அனுப்பியிருக்கும். எங்கே, எப்படிப் பார்க்கச் சொல்வது என்பதில் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் செய்து பார்த்தபின் எழுதுகிறேன்.

அடிப்படை இதுதான். ஸ்கில்லை உங்கள் சொந்த சர்வரில் வைத்தால், இணையக் கோரிக்கைகள் நுழையும் அதன் 443 போர்ட் என்ற வாசல் உலகத்துக்கே திறந்திருக்கும். இணைப்பைப் பாதுகாக்கும் எச்டிடிபிஎஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது உங்கள் சர்வர் யார் என்று அலெக்சாவுக்குக் காட்டும். வந்து நிற்பவர் யார் என்று உங்களுக்குக் காட்டாது. அதற்காகத்தான் அலெக்சா ஒவ்வொரு கோரிக்கையிலும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது. தலைப்பில் இரண்டு விஷயங்கள் வரும்: கையெழுத்து ஒன்று, அதைச் சரிபார்க்க வேண்டிய சான்றிதழ் எங்கே கிடைக்கும் என்ற முகவரி ஒன்று. பழைய கையெழுத்து, எந்தக் கோப்பையும் ஒரு எண்ணாகச் சுருக்கும் ஷா-1 முறையில் இருந்தது. 2017-இல் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வகமும் கூகுளும் சேர்ந்து, ஒரே ஷா-1 எண் வரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளை உருவாக்கிக் காட்டிய பிறகு அந்த முறையை நம்ப முடியாது. இப்போது "சிக்னேச்சர்-256" என்ற தலைப்பில் ஷா-256 கையெழுத்து வருகிறது. அதைத்தான் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் ஆர்டருக்கு ஏற்கெனவே வெப்ஹுக் (செய்தி வந்ததும் நம் சர்வருக்கு வரும் அழைப்பை வாங்கும் கோட்) எழுதியவர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா அனுப்பும் கையெழுத்து எச்மேக் வகை: அவர்களிடமும் உங்களிடமும் ஒரே ரகசியச் சாவி. சரிபார்க்க நாலு வரி கோட் போதும். ஆனால் அந்தச் சாவி உங்கள் பக்கம் கசிந்தால், எடுத்தவன் அவர்களைப் போலவே கையெழுத்துப் போடலாம். அலெக்சாவின் முறையில் கையெழுத்துப் போடும் சாவி அமேசானை விட்டு வெளியே வருவதில்லை. சரிபார்க்கும் பொதுச்சாவி மட்டும் சான்றிதழில் வருகிறது. உங்களிடம் திருட எதுவும் இல்லை. இது பெரிய நிம்மதி. ஆனால் வேலை அதிகம். அந்த வேலையை யார் செய்வது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

முதல் வழி, வேலையை மொத்தமாக அமேசானிடமே விடுவது. ஸ்கில்லின் கோடை லாம்ப்டாவில் (நமக்கென்று சர்வர் இல்லாமலே கோடை ஓட்டித் தரும் அமேசான் சேவை) வைத்தால் கையெழுத்துச் சரிபார்ப்பே தேவையில்லை. அங்கே பொது வாசல் கிடையாது. அமேசானின் உள் அனுமதி முறைப்படி, அலெக்சா சேவை மட்டும்தான் அந்த ஃபங்ஷனை எழுப்ப முடியும். எந்த ஸ்கில்லுக்கு அனுமதி என்பதையும் ட்ரிகர் (ஃபங்ஷனை எது எழுப்பலாம் என்ற அமைப்பு) வைக்கும்போதே ஸ்கில் எண் கொடுத்துக் கட்டிவிடலாம். கொடுக்காமல் விடாதீர்கள். மாதம் 10 லட்சம் அழைப்புகள் வரை இலவசம் என்பதால் ஒரு கேன் கடைக்குப் பைசா செலவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர், ஸ்கில்லைத் தவிர வேறு சர்வர் இல்லாதவர் என்றால் நான் வேறு எதையும் யோசிக்கச் சொல்ல மாட்டேன்.

எங்களுக்கு அது ஏன் முழுதாகப் பொருந்தவில்லை என்றால், வாடிக்கையாளர் கணக்கு, பாக்கி, காலி கேன் எண்ணிக்கை எல்லாம் ஏற்கெனவே வாடகை சர்வரில் இருந்தன. லாம்ப்டா ஆர்டரை வாங்கி அந்த சர்வருக்கு அனுப்ப வேண்டும். அப்படியானால் சர்வரின் வாசலில் "வந்திருப்பது என் லாம்ப்டாதானா" என்ற அதே கேள்வி மறுபடி நிற்கும். இரண்டு பக்கமும் நம்முடையது என்பதால் அங்கே எச்மேக் போதும், அது தப்பில்லை. ஆனால் பூட்டு இரண்டு, சாவி பார்த்துக்கொள்ளும் வேலையும் இரண்டு. இன்னொரு எச்சரிக்கை: சிலர் லாம்ப்டாவுக்கு முன்னால் ஏபிஐ கேட்வே என்ற பொது வாசலை வைத்து, அந்த இணைய முகவரியை ஸ்கில்லில் கொடுத்துவிட்டு, "லாம்ப்டாதானே, சரிபார்க்க வேண்டாம்" என்று இருந்துவிடுகிறார்கள். பொது முகவரி ஒன்று வந்த உடனேயே அந்தச் சலுகை போய்விட்டது. உள்ளே லாம்ப்டா இருந்தாலும் கையெழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது வழி, சொந்த சர்வரில் அமேசானின் எஸ்டிகேயை, அதாவது அவர்களே எழுதித் தரும் ஆயத்தக் கோட் தொகுப்பை, பயன்படுத்துவது. பைத்தானில் வலைத்தளம் எழுத உதவும் ஃபிளாஸ்க், ஜாங்கோ இரண்டுக்கும் இணைப்புகள் உண்டு. நோடில் எக்ஸ்பிரஸுக்கு உண்டு, ஜாவாவில் சர்வ்லெட்டுக்கு உண்டு. கையெழுத்துப் பார்ப்பதும் நேரம் பார்ப்பதும் இயல்பாகவே இயங்கும்படி வைத்திருக்கிறார்கள். நீங்களாக அணைத்தால்தான் அணையும். நான் அணைத்தேன். அணைக்கும் அந்த அமைப்பை கோடில் நேரடியாக எழுதியதுதான் என் தவறு. சோதனைக் கணினியில் மட்டும் இருக்கும் சூழல் மாறியில் (கோடுக்கு வெளியே கணினியில் வைக்கும் அமைப்பு) வைத்திருந்தால் உண்மையான சர்வருக்கு வந்திருக்காது. எஸ்டிகேயின் பதிப்பையும் பாருங்கள். ஷா-256 வருவதற்கு முந்தைய பதிப்புகள் பழைய கையெழுத்தை மட்டுமே பார்க்கும்.

மூன்றாவது, திறந்த மூல நூலகங்கள். நோடில் அலெக்சா-வெரிஃபையர் என்ற நூலகமும் அதை எக்ஸ்பிரஸில் பொருத்தும் மிடில்வேரும் (கோரிக்கை வரும் வழியில் நின்று வேலை செய்யும் கோட்) பல காலமாக இருக்கின்றன. எஸ்டிகே முழுவதும் வேண்டாம், சரிபார்ப்பு மட்டும் போதும் என்பவர்களுக்கு ஏற்றது. எஸ்டிகே இல்லாத மொழியில் எழுதுபவர்களுக்கு இதுபோன்ற ஒன்றுதான் கை கொடுக்கும். எடுப்பதற்கு முன் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று பாருங்கள், ஷா-256 பார்க்கிறதா என்று கோடைத் திறந்து பாருங்கள். அவ்வளவு சிரமம் இல்லை, சின்ன நூலகங்கள்தான்.

நான்காவது வழி, நாமே எழுதுவது. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எழுதிப் பார்த்தால்தான் மற்ற வழிகள் நமக்காக எதையெல்லாம் செய்கின்றன என்று புரிகிறது.

தலைப்பில் வரும் சான்றிதழ் முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முகவரியை அனுப்புவது, நாம் இன்னும் நம்பாத ஆள். அவர் சொன்ன இடத்துக்குப் போய், அங்கே இருக்கும் சான்றிதழை வைத்து அவர் கையெழுத்தையே சரிபார்த்தால், எல்லாக் கையெழுத்தும் சரியாகத்தான் இருக்கும். அதனால் சான்றிதழை இறக்குவதற்கு முன்பே முகவரியைச் சோதிக்க வேண்டும். எச்டிடிபிஎஸ் ஆக இருக்க வேண்டும். ஹோஸ்ட் பெயர் (முகவரியில் சர்வரைக் குறிக்கும் பகுதி) எஸ்3.அமேசான்ஏடபிள்யூஎஸ்.காம் ஆக இருக்க வேண்டும். போர்ட் எண் இருந்தால் அது 443 ஆக இருக்க வேண்டும். பாதை "/எக்கோ.ஏபிஐ/" என்று தொடங்க வேண்டும், அதிலும் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறக் கூடாது.

ஹோஸ்ட் பெயர் அமேசானுடையதுதானே, பாதையை எதற்குப் பார்க்க வேண்டும் என்று முதலில் எனக்கும் தோன்றியது. எஸ்3 என்பது அமேசானின் கோப்புச் சேமிப்பு சேவை, வால்டாக்ஸ் ரோடு கிடங்கு மாதிரி. வெளியே கட்டடத்தின் பெயர் ஒன்றுதான், உள்ளே ஆளுக்கு ஒரு அறை, யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம். முகவரியில் ஹோஸ்ட் பெயருக்கு அடுத்த துண்டுதான் அது யாருடைய அறை என்று சொல்கிறது. "எக்கோ.ஏபிஐ" என்பது அலெக்சாவின் அறை. அதைப் பார்க்காமல் விட்டால், எவரும் தன் பெயரில் ஒரு அறை எடுத்து, தன் சான்றிதழை அங்கே வைத்துவிட்டு வரலாம். இதற்கு மேலும் ஒரு தந்திரம் உண்டு. "/எக்கோ.ஏபிஐ/" என்று தொடங்கி, அடுத்ததாக "ஒரு படி பின்னே போ" என்று பொருள்படும் இரண்டு புள்ளிகள் வைத்து, அப்புறம் வேறு அறையின் பெயரை எழுதிவிடுவார்கள். தொடக்கம் மட்டும் பார்த்தால் சரியாகத் தெரியும். புள்ளிகளைத் தீர்த்தால் அது வேறு அறை. எனவே முதலில் பாதையை ஒழுங்குபடுத்திக்கொண்டு அப்புறம் ஒப்பிட வேண்டும். நான் முதலில் எழுதிய கோட் இந்த இடத்தில் ஓட்டையாகத்தான் இருந்தது.

முகவரி தேறினால், சான்றிதழ். காலாவதி ஆகியிருக்கக் கூடாது, தொடங்கும் தேதிக்கு முன்னாலும் இருக்கக் கூடாது. அதன் மாற்றுப் பெயர்களின் பட்டியலில் எக்கோ-ஏபிஐ.அமேசான்.காம் இருக்க வேண்டும். கூடவே வரும் சான்றிதழ்கள் ஒன்றுக்கு ஒன்று சாட்சியாக நின்று, கடைசியில் உங்கள் கணினி ஏற்கெனவே நம்பும் ஒரு மூலச் சான்றிதழில் போய்ச் சேர வேண்டும். பத்திரப் பதிவில் சாட்சிக்காரர் யார் என்று கேட்பது போல, அந்தச் சாட்சிக்குச் சாட்சி யார் என்று கடைசிவரை போக வேண்டும். இந்தச் சங்கிலிச் சோதனையை ஒருவர் தானாக எழுதுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். நன்கு பயன்பாட்டில் உள்ள நூலகத்திடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது உடல், அதாவது கோரிக்கையின் உள்ளடக்கம். கையெழுத்தை பேஸ்64 என்ற எழுத்து வடிவத்திலிருந்து பிரித்து, பொதுச்சாவியைக் கொண்டு, வந்த கோரிக்கையின் முழு உடலோடு ஒப்பிட வேண்டும். "வந்த" என்ற சொல்தான் முக்கியம். எக்ஸ்பிரஸில் எழுதும் பலர் ஜேசானை (உடல் வரும் தரவு வடிவம்) பிரிக்கும் மிடில்வேரை முதலில் போட்டுவிடுகிறார்கள். அது உடலைப் பிரித்துப் பொருளாக்கிவிடும். அப்புறம் அதை மறுபடி ஜேசானாக்கிக் கையெழுத்தோடு ஒப்பிட்டால் பொருந்தாது, ஏனென்றால் ஒரு காற்புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளி மாறினாலும் ஷா-256 எண் மொத்தமாக மாறிவிடும். ஒரு முழு மாலை நான் இதில் உட்கார்ந்திருந்தேன். சான்றிதழ் சரி, முகவரி சரி, கையெழுத்து மட்டும் தப்பு, தப்பு என்று வந்தது. கடைசியில் வந்த பைட்டுகளையும் நான் ஒப்பிட்ட பைட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுப் பார்த்தபோது, என்னுடையதில் பதினோரு பைட் அதிகம். பதினோரு இடைவெளிகள். பிரிப்பதற்கு முன் வந்தபடியே பைட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் ப்ராக்ஸி ஏதாவது உடலைத் தொட்டு அழகுபடுத்தினாலும் இதே கதிதான்.

கடைசியாக நேரம். உண்மையான கோரிக்கையை யாராவது பிடித்து வைத்துப் பிறகு மறுபடி அனுப்பினால் கையெழுத்து சரியாகவே இருக்கும். அதனால் உடலுக்குள் இருக்கும் நேரத்தைப் பார்த்து, 150 விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுக்க வேண்டும். இதற்கு உங்கள் சர்வரின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டே இருக்கும் என்டிபி ஓடாத மலிவு சர்வரில் கடிகாரம் மெல்ல நகர்ந்து, ஒரு நாள் உண்மையான வாடிக்கையாளர் எல்லோரையும் திருப்பி அனுப்பத் தொடங்கும். எதில் தவறினாலும் 400 (தவறான கோரிக்கை) என்று பதில் கொடுத்துவிட வேண்டும். ஸ்கில்லைப் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கும்போது அமேசானே தப்பான கையெழுத்தோடு கோரிக்கைகளை அனுப்பிப் பார்க்கும். மறுக்காத ஸ்கில் தேறாது. எங்களுடையது அழைப்பு கொடுத்தவர்கள் மட்டும் பயன்படுத்தும் பீட்டா நிலையில் இருந்ததால் அந்தச் சோதனைக்குப் போகவே இல்லை.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அலெக்சா பதிலுக்கு 8 விநாடி வரைதான் காத்திருக்கும். ஒவ்வொரு ஆர்டருக்கும் சான்றிதழை இறக்கிக்கொண்டிருந்தால் அதில் ஒரு பங்கு போய்விடும். ஒருமுறை இறக்கிச் சரிபார்த்த சான்றிதழை வைத்துக்கொள்ளலாம், அமேசான் அதை அனுமதிக்கிறது. எஸ்டிகேக்கள் இதையும் பார்த்துக்கொள்கின்றன.

ஆக, நாமே எழுதுவது கற்றுக்கொள்ள நல்ல வழி. கடை ஓடும் சர்வரில் அதை வைக்க வேண்டாம் என்பதே என் முடிவு. இத்தனை படிகளில் ஒன்றை விட்டாலும் கோட் நன்றாக ஓடுவது போலவே தெரியும். உண்மையான ஆர்டர் எல்லாம் வந்துகொண்டே இருக்கும், போலியும் சேர்ந்து வரும்.

வேறு இரண்டு யோசனைகளைப் பலர் சொல்கிறார்கள், இரண்டும் போதாது. ஒன்று, ஐபி முகவரியை வைத்து வடிகட்டுவது. அமேசான் தன் ஐபி எல்லைகளைப் பொதுவில் வெளியிடுகிறது, உண்மை. ஆனால் அங்கே ஒரு மெஷின் வாடகைக்கு எடுக்கும் எவருடைய கோரிக்கையும் அதே எல்லைக்குள்ளிருந்துதான் வரும். இன்னொன்று, யாரும் ஊகிக்க முடியாத நீளமான முகவரி வைப்பது. லாகில், கோடில், ஸ்கிரீன்ஷாட்டில் எங்காவது அது வெளியே வந்துவிடும். எங்களுடையது வந்தது.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. கையெழுத்து சரியாக இருந்தால் கோரிக்கை அலெக்சாவிடமிருந்து வந்தது என்று பொருள். உங்கள் ஸ்கில்லிலிருந்து வந்தது என்று பொருள் இல்லை. வேறு யாரோ தன் கணக்கில் ஒரு ஸ்கில் உருவாக்கி, அதற்கு உங்கள் சர்வர் முகவரியைக் கொடுத்துவிட்டால், அலெக்சா அவர் சொன்னபடி உங்களுக்கு அனுப்பும், உண்மையான கையெழுத்தோடு. எல்லாச் சோதனையும் தேறும். அதைத் தடுப்பது கோரிக்கைக்குள் இருக்கும் அப்ளிகேஷன் எண். அது உங்கள் ஸ்கில்லின் எண்ணா என்று பார்க்க வேண்டும். எஸ்டிகேயில் ஸ்கில் எண்ணைக் கொடுத்துவிட்டால் அதுவே பார்க்கும், ஆனால் கொடுப்பது கட்டாயம் இல்லை என்பதால் பலர் கொடுப்பதில்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

கூகுள் அசிஸ்டன்ட்டுக்குத் தமிழ் தெரியுமே, அங்கே போகலாமே என்று கேட்ட நண்பர்களுக்கு: மற்றவர்கள் உரையாடல் செயலி எழுதும் வசதியை கூகுள் 2023 ஜூன் 13-இல் நிறுத்திவிட்டது. அந்தக் கதவு இப்போது இல்லை.

எங்கள் கடைக்கு இரண்டாவது வழியையே எடுத்தோம். கணக்கெல்லாம் இருக்கும் அதே ஜாங்கோ சர்வர், அமேசானின் எஸ்டிகே, ஸ்கில் எண் கட்டாயம், அணைக்கும் அமைப்பு என் மடிக்கணினியில் மட்டும். பயனர் எண்கள் இருந்த மாதிரிக் கோரிக்கையைப் பொதுவிலிருந்து எடுத்துவிட்டேன். பழைய பதிப்புகளிலும் அது கிடக்கும் என்பதால் அந்தத் தொகுப்பையே அழித்தேன். அந்த வீட்டு அம்மாவிடம் சொல்லி, அவர் எக்கோவில் ஸ்கில்லை ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடி சேர்க்க வைத்தேன். அப்படிச் செய்தால் புதுப் பயனர் எண் வந்துவிடும், பழையது செல்லாது.

புதுக் கோட் ஏற்றும் ஒவ்வொரு முறையும் மூன்று போலிக் கோரிக்கைகளை நானே சர்வருக்கு அனுப்புகிறேன். ஒன்றில் கையெழுத்து இருக்காது. ஒன்றில் சான்றிதழ் முகவரி வேறு அறையைக் காட்டும். மூன்றாவது, போன மாதம் வந்த உண்மையான கோரிக்கை, ஒரு பைட் மாறாமல். மூன்றுக்கும் 400 வந்தால்தான் கோட் ஏறும், இல்லாவிட்டால் தானாக நின்றுவிடும்.

இதையெல்லாம் அண்ணனிடம் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி தம்பி, பத்து கேனுக்கு மேல யார் கேட்டாலும் வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுடலாம்" என்றார். அதையும் கோடில் எழுதிவிட்டேன். பத்தைத் தாண்டும் ஆர்டர் இப்போது திரையில் மஞ்சளாக வருகிறது. போன் பேசி, கடையில் ஒருவர் தொட்டால்தான் தம்பியின் பட்டியலுக்குப் போகிறது.